வெள்ளிக்கிழமை, பதினொன்று பத்து

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், காலு ஆடும். இதுல உக்காருங்க, ஃபேன் காத்தும் வரும்.

இப்ப வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. நான் என்ன கேட்டேன்? "ராகு காலம் நடக்குது, பன்னெண்டு மணிக்கு மேல பதிஞ்சுக்கலாமுங்களா"ன்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க? "இருந்தா இருந்துட்டுப் போகுது, இப்பவே பதிஞ்சுக்கங்க"ன்னீங்க. சொன்னீங்கல்ல? சரி, சரி. ஒண்ணுமில்ல. பதினோரு வருஷமா இந்தத் திருமணத் தகவல் மையத்துல உக்காந்திருக்கேன். எத்தனையோ பெத்தவங்களைப் பாத்தாச்சு. இந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆளு நீங்கதான். அதனால கொஞ்சம் உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன். அது வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லியாகணும்.

என் பேரு சென்னியப்பன். ரயில்வேல ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ். நேரம்னா எனக்கு உயிருங்க. ஒரு தடவை மாரப்பன்னு, தண்டவாளம் மாத்தி விடற பாயிண்ட்ஸ்மேன் ஒருத்தன், சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு ஸ்டேஷன் கடிகாரத்தை நாலு நிமிஷம் தள்ளி வச்சுட்டான். நாலே நிமிஷம். அன்னைக்கே மெமோ குடுத்தேன். பொண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து அழுதான், நான் அசையலையே. கடிகாரத்துல கை வைக்கிறவனை எதுலயும் நம்பக் கூடாதுங்க. அது என் கொள்கை.

ரிட்டயர் ஆனப்புறம் சும்மா இருக்க முடியாம எங்க ஓய்வூதியர் சங்கத்துல இதை ஆரம்பிச்சோம். எல்லாருக்கும் பொது, எல்லாம் இலவசம். மொதல்ல ரிஜிஸ்டர்லதான் எழுதினோம். அப்புறம் ஒரு கம்ப்யூட்டர், அதுல ஒரு பழைய சாஃப்ட்வேர். எட்டு வருஷம் ஓடுச்சு. நாம என்ன செஞ்சாலும் ஏத்துக்கும். மறு பேச்சுப் பேசாது. தங்கமான சாஃப்ட்வேருங்க அது.

அந்தக் காலத்துல ஒரு நாள், பவானியில இருந்து ஒரு அம்மா பையனைப் பதிய வந்துச்சு. பதிஞ்சு முடிச்சு சீட்டு குடுத்தேன். சீட்டுல மேல தேதியும் மணியும் தானா அச்சாகும். வெள்ளிக்கிழமை பதினொண்ணு அஞ்சுன்னு இருக்கறதைப் பாத்துட்டு அந்தம்மா அழுதுச்சு பாருங்க, அப்படி ஒரு அழுகை. "என் பையனுக்கு ராகு காலத்துல பதிஞ்சுட்டீங்களே சார்." எனக்கு மனசு கேக்கலை. அப்பத்தான் கவனிச்சேன், கம்ப்யூட்டர்ல கீழ ஓரமா மணி காட்டுது. அதை அழுத்தினா மாத்திக்கலாமா வேண்டாமான்னு அதுவே கேக்குது. மாத்தினேன். பத்து இருபதுன்னு வச்சேன், பழசை அடிச்சுட்டுப் புதுச் சீட்டு குடுத்தேன், மறுபடி மணியைச் சரி பண்ணி வச்சுட்டேன். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போச்சு. நாலு மாசத்துல பையனுக்குக் கல்யாணம். அதுல இருந்து ராகு காலத்துல யாரு வந்தாலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமைன்னா பத்து இருபது. ராசியான நிமிஷம். மத்த நாளைக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிமிஷம் வச்சிருந்தேன். தூரத்துல இருந்து பஸ் பிடிச்சு வர்றவங்களை ஒண்ணரை மணி நேரம் உக்கார வைக்கிறது பாவமில்லீங்களா?

சரி, அது கிடக்கட்டும். போன தை மாசம் புது சாஃப்ட்வேர் போடணும்னு சங்கத்துல முடிவாச்சு. வெளிநாட்டுல இருக்கிற பசங்க போன்லயே பாத்துக்கணுமாம். அதுக்கு சர்வர் வேணுமாம். அந்தா, கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி கறுப்பா ஒரு பெட்டி, பச்சை லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது பாருங்க, அதான். கோயமுத்தூர்ல ஒரு சின்னக் கம்பெனிக்காரங்க எழுதிக் குடுத்தாங்க. அதைக் கொண்டாந்து சர்வர்ல ஏத்தி ஓட வைக்க ஒரு பொண்ணை அனுப்பினாங்க. பேரு மணிமொழி. இருபத்தெட்டு வயசு. அந்தப் பொண்ணைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

அது வந்த நாளும் வெள்ளிக்கிழமை. பத்தே முக்காலுக்கு முதுகுல பையோட வந்து நிக்குது. "சார், ஆரம்பிச்சுடலாமா?" நான் விடுவேனா? "பன்னெண்டு ஆகட்டும்மா, ராகு காலம்." அது சிரிச்சுச்சு. "எங்க வீட்டுல இதெல்லாம் தெரியாது சார். எங்கப்பா பகுத்தறிவு. நான் காலண்டரைத் தேதி பாக்க மட்டும்தான் பாத்திருக்கேன்"னுச்சு. "அதனால என்ன, நாங்க பாத்துச் சொல்றோம்"னேன். எதுத்துப் பேசலை. உக்காந்து டீ குடிச்சுது. பன்னெண்டு பத்துக்கு ஆரம்பிச்சு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாம் ஏத்தி, நாலாயிரத்துச் சொச்சம் வரனும் உள்ள வந்து உக்காந்தாச்சு. நல்ல நேரத்துல ஆரம்பிச்சதால ஒரு தடங்கல் இல்ல.

அடுத்த புதன்கிழமை, ஒருத்தர் பேரைப் பதிஞ்சு அழுத்தறேன், திரை சிவப்பா மாறிடுச்சு. "பதிவு அட்டவணை சிதைந்துள்ளது. சேவையகத்தைச் சரிபார்க்கவும்." எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. உள்ள கட்டம் கட்டமா ஒரு ரிஜிஸ்டர் இருக்கு சார், அதை டேபிள்னு சொல்றாங்க. அது கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். கெட்டா பூட்டிக்கும். ஒரு பேரைப் பாக்க முடியாது, ஒரு பேரைச் சேக்க முடியாது. மணிமொழிக்குப் போன் பண்ணேன். கோயமுத்தூர்ல இருந்தே என்னவோ பண்ணி, முந்தின நாள் எடுத்து வச்ச நகலைத் திருப்பிப் போட்டு நிமித்திருச்சு. அன்னைக்குப் பதிஞ்சது மட்டும் போச்சு, திரும்ப ஏத்தினோம்.

மறுநாளே வந்துச்சுங்களா? இல்ல. அஞ்சு நாள் சும்மா இருந்துச்சு. அப்புறம் செவ்வாய்க்கிழமை. அப்புறம் சனிக்கிழமை. ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. மலேரியாக் காய்ச்சல் மாதிரிங்க, விட்டு விட்டு.

பாவம், அந்தப் பொண்ணு பாடு. கரண்டு ஏறி இறங்குதோன்னு யூபிஎஸ் மாத்துச்சு. சரியாகலை. ஹார்ட் டிஸ்க் போயிருக்குமோன்னு அதை மாத்துச்சு. சரியாகலை. மொத்தத்தையும் அழிச்சுட்டு மறுபடி மொதல்ல இருந்து சர்வர்ல ஏத்துச்சு. ரெண்டு வாரம் நிம்மதியா இருந்தோம், மூணாவது வாரம் மறுபடி சிவப்பு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நேர்லயே வரும். நான் பன்னெண்டு வரைக்கும் உக்கார வச்சு, அப்புறம்தான் சர்வர் அறைச் சாவியைக் குடுப்பேன். அது வந்திருக்கிற நேரத்துல நான் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன். டாக்டர் வந்திருக்கும்போது நாமளே ஊசி போட்டுக்குவமா? பன்னெண்டுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் திரையையே பாத்துட்டு உக்காந்திருக்கும். ஒண்ணும் ஆகாது. "நீங்க தனியா இருக்கும்போது மட்டும் எப்படி சார் கெடுது?"ன்னு கேக்கும். "உன்னைக் கண்டா பயம் போல"ம்பேன்.

ஒரு நாள் ஒரு தாளை எடுத்துக் காட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் எந்த நாள், எத்தனை மணிக்குக் கெட்டுச்சுன்னு கம்ப்யூட்டர் குறிச்சு வச்சிருக்குமாம். கெடற நேரத்துல அதுல மணி தப்பாக் காட்டுதுன்னு, தன் போனுக்கு வந்த எச்சரிக்கையில இருந்து நேரத்தை எடுத்து எழுதியிருந்துச்சு. புதன்னா பன்னெண்டரை, பன்னெண்டே முக்கால். வியாழன்னா ரெண்டு மணி. செவ்வாய்னா மூணரை, நாலு. சனிக்கிழமை ஒம்போதரை. "ஒரு நாளும் ஒரே நேரம் இல்ல சார். ஆனா அந்தந்தக் கிழமைக்கு அந்தந்த நேரம்தான். ஞாயிறு லீவு, வெள்ளிக்கிழமை நான் இங்க இருக்கேன். அதை விட்டா திங்கட்கிழமை மட்டும் வரவே மாட்டேங்குது. உலகத்துல இப்படி ஒரு பிழையை நான் பாத்ததில்ல"ன்னு தலையில கை வச்சுக்கிச்சு. அந்தத் தாளை நானும் பாத்தேன். பாத்ததுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. "அம்மா, இது பூரா ராகு காலம். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்கு, நாம ஆபீஸ் தொறக்கறதே ஒம்போதுக்கு, அப்புறம் எப்படி வரும்? இந்த மிஷினுக்கே ராகு காலம் ஆகலை பாரு"ன்னேன். நான் அன்னைக்கே சொல்லிட்டேங்க. அது நம்பலை. "சார், விளையாடாதீங்க"ன்னுட்டு அடுத்த ஒயரைப் புடுங்கப் போயிருச்சு.

நடுவுல நான் ஒரு நல்ல காரியம் பண்ணேன். இந்தப் பொண்ணு தனியாக் கஷ்டப்படுதே, கூட ரெண்டு பேரை அனுப்பட்டும்னு அது கம்பெனிக்கு ஒரு கடுதாசி போட்டேன். ரயில்வே இங்கிலீஷ், சும்மா இருக்குமா? மூணு பக்கம். எந்தெந்தத் தேதியில எத்தனை தடவை கெட்டுச்சு, எத்தனை பெத்தவங்க திரும்பிப் போனாங்க, ஒண்ணு விடாம எழுதினேன். அவங்க கூட ஆள் அனுப்பறதுக்குப் பதிலா அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, "மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணு, இல்லேன்னா வேலையை விட்டு நின்னுக்கோ"ன்னுட்டாங்களாம். மனுசங்க எப்படியெல்லாம் தப்பா எடுத்துக்கறாங்க பாருங்க.

சித்திரை மாசம் கடைசி வெள்ளிக்கிழமை. பத்தே முக்கால் இருக்கும், மணிமொழி வந்துச்சு. முதுகுல பை இல்ல. "சார், சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். அடுத்த வாரம் வேற ஆள் வருவாங்க. நான் நிக்கறேன்"னுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு, கண்ணு மட்டும் சிரிக்கலை. வீட்டுல அப்பாவுக்கு உடம்பு முடியலை, அதோட சம்பளத்துலதான் வீடு நடக்குதுன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணு வேலை போனா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. நாம என்ன செய்ய முடியும்? நம்ம கையில இருக்கிறது இது ஒண்ணுதான். "மணிமொழி, நீ போறதுக்கு முன்னாடி உன் பேரை இதுல பதிஞ்சு வைக்கிறேன். தங்கமான பையனாப் பாத்து நானே முடிக்கிறேன், மறுக்கக் கூடாது"ன்னேன். "எதுக்கு சார்"னுச்சு. அப்புறம் என் முகத்தைப் பாத்துட்டு, "சரி, பதிங்க. பதினொண்ணரைக்கு எனக்கு பஸ்சு"ன்னுச்சு.

ராகு காலமாச்சே. அதுக்குன்னு என் கையால அந்தப் பொண்ணுக்குக் கெட்ட நேரத்துல பதிவேனா? பேரு, பொறந்த தேதி, படிப்பு, எல்லாம் அடிச்சேன். பேரு, பொறந்த தேதி, படிப்பு, எல்லாம் அடிச்சேன். அழுத்தினேன்.

சிவப்பு.

"பதிவு அட்டவணை சிதைந்துள்ளது." அந்தப் பொண்ணு கண்ணு முன்னாடியே. மூணு மாசத்துல முதல் தடவை.

விருட்டுனு எந்திரிச்சு என் பக்கத்துல வந்து நின்னுச்சு. "சார், இப்ப என்ன பண்ணீங்க?"

"உன் பேரைப் பதிஞ்சேன்."

"அதுக்கு முன்னாடி?"

"மணியைத் தள்ளி வச்சேன்."

"எந்த மணியை?"

"இந்த மணியைத்தான். ராகு காலமில்ல?"

"எவ்வளவு நாளா இப்படிப் பண்றீங்க?"

"எட்டு வருஷமா."

அப்படியே தரையில உக்காந்துருச்சு சார். உக்காந்து சிரிக்குது. சிரிக்குது, சிரிக்குது, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிக்குது. நான் பயந்து போய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். கல்யாணப் பேச்சு எடுத்தாலே பொண்ணுங்களுக்கு ஒரு வெக்கம் வரும், அப்படின்னு நினைச்சேன். போனுக்கு வந்த எச்சரிக்கையில கடைசிப் பதிவைப் பாத்துட்டு, "பெருந்துறைக்காரர் ஒருத்தர் காலைல வந்தாரா? அவருக்கும் பத்து இருபதா?"ன்னு கேட்டுச்சு. "ஆமா, இப்பத்தான் பத்தரை தாண்டினதும் வந்தாரு, அவருக்கும் அதே நிமிஷந்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் செய்வேன், பாரபட்சம் கிடையாது"ன்னேன். அதுக்கு மறுபடியும் சிரிப்பு.

அப்புறம் எனக்குப் புரியற மாதிரி சொல்லுச்சு. இந்தப் புது சாஃப்ட்வேர், ஒரு ஆள் பதியற தேதி, மணி, நிமிஷத்தை வச்சு அந்த ஆளுக்கு ஒரு நம்பர் போடுமாம். ஒரு ஆளைப் பதியவே பத்து நிமிஷம் ஆகும், அதனால ரெண்டு பேருக்கு ஒரே நிமிஷம் வரவே வராதுன்னு நம்பி எழுதிட்டாங்களாம். நான் ராகு காலத்துல வந்த ரெண்டு பேருக்கு ஒரே பத்து இருபதைக் குடுத்தா, ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் விழும். டேபிள் கெட்டுப் போச்சுன்னு அது பூட்டிக்கும். ஒருத்தர் மட்டும் வந்த நாள்ல ஒண்ணும் ஆகாது.

"சார், உங்க ஸ்டேஷன்ல கடிகாரத்தை யாராவது தள்ளி வச்சா விடுவீங்களா?"ன்னுச்சு.

"அது எப்படிம்மா? ஒரே லைன்ல ரெண்டு வண்டி வந்து மோதிக்குமே!"

"இங்கயும் அதான் சார் மோதிக்கிச்சு."

அது வேற, இது வேறன்னு சொன்னேன். ரயில்ல மனுசங்க உயிரு இருக்கு. இங்க அப்படியா? ஆனா ஒண்ணு சார், அந்தப் பொண்ணு நல்ல மனசு. "நாங்க அப்படி நம்பி எழுதினதும் தப்புதான்"னு அதுவே ஒத்துக்கிச்சு. நானும் பெருந்தன்மையா விட்டுட்டேன். அன்னைக்கு பஸ்ஸை விட்டுட்டு, சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் நிமித்திருச்சு. இனிமே ஒரே நிமிஷத்துல நூறு பேர் வந்தாலும் தாங்குமாம். மணியை மாத்தற இடத்துக்கு மட்டும் ஒரு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிருச்சு. என்னைப் பாத்துக்கிட்டேதான் போட்டுச்சு.

வேலையும் போகலை. கம்பெனிக்கு "நேரக் குறிப்பில் ஏற்பட்ட சிக்கல், சரி செய்யப்பட்டது"ன்னு ஒரே வரி எழுதி அனுப்புச்சு. யாரு அந்தச் சிக்கலைப் பண்ணாங்கன்னு எழுதலை. அவங்களும் கேக்கலை. நானா எதுக்குச் சொல்லணும்? நானும் ஒரு கடுதாசி போட்டேன், இந்த மாதிரி கெட்டிக்காரப் பொண்ணை நான் பாத்ததில்லைன்னு. அதுவும் மூணு பக்கம். அன்னைக்கு நான் பேரைப் பதியலேன்னா அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிருக்குமா, நீங்களே சொல்லுங்க. பாதிப் பெருமை எனக்குத்தான் வரணும். நம்ம வாயால அதைச் சொல்லிக்கக் கூடாது.

ஆனா ஒரு வேலை பண்ணிட்டுப் போயிருச்சு சார். அதான் இப்ப என் தலைவலி. எல்லாத்தையும் நிமித்தினதுக்கு அப்புறம், "அழிஞ்சு போன என் பதிவை நானே போட்டுக்கறேன்"னு உக்காந்து, தன் பேரைத் தானே அடிச்சுது. பத்து இருபது போடலை. நான் அழுத்தினப்ப அசல் மணி என்னவோ அதையே போட்டுச்சு. வெள்ளிக்கிழமை, பதினொண்ணு பத்து. சுத்தமான ராகு காலம். அதுல கடைசியா "எதிர்பார்ப்பு"ன்னு ஒரு கட்டம் வரும். அரசாங்க வேலை, சொந்த வீடு, அப்படி இப்படின்னு எழுதுவாங்க. அதுல இந்தப் பொண்ணு என்ன எழுதியிருக்கு தெரியுங்களா? இருங்க, திருப்பிக் காட்டறேன், நீங்களே படிங்க. "ராகு காலம் பார்க்காத வீடு." அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல.

ஏழு மாசமாச்சு. நானும் வர்ற ஒவ்வொரு வீட்டுலயும் கேக்கறேன். "நாங்கெல்லாம் அதைப் பாக்கறதில்லீங்க"ம்பாங்க. அப்படிச் சொன்னவங்களே பன்னெண்டு அடிச்சப்புறம்தான் படி ஏறுவாங்க. ஒருத்தரு கீழ டீக்கடையில ஒளிஞ்சு நின்னு மணி பாத்ததை இந்த ஜன்னல் வழியா நானே பாத்தேன். போன மாசம் அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. "என்ன சார், இன்னும் என் டேபிள் காலியா இருக்கா?"ன்னு கேட்டுச்சு. விளையாட்டாத்தான் கேட்டுச்சு. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை. வாக்குக் குடுத்தவன் நானில்ல?

இப்ப நீங்க வந்தீங்க. வெள்ளிக்கிழமை, பத்து அம்பதுக்கு. இப்பவே பதிஞ்சுக்கங்கன்னீங்க. சார், மறைக்காம ஒண்ணு சொல்லுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அப்படிச் சொன்னீங்களா, இல்ல நெசமாவே பாக்க மாட்டீங்களா?

என்னது? உங்க கல்யாணமே ராகு காலத்துலயா? ஆடி மாசத்துல வேறயா? எத்தனை வருஷமாச்சு? முப்பத்தொண்ணா! சண்டை சச்சரவு? ... சரி, அது யாரு வீட்டுல இல்ல. அந்தம்மா நல்லா இருக்காங்களா? கீழ உக்காந்திருக்காங்களா? அடடா, மேல கூப்பிட்டிருக்கலாமே. பையன் என்ன பண்றாரு? காலேஜ்ல வாத்தியாரா. நல்லது, நல்லது. அந்தப் பொண்ணுக்கும் பொறுமையா விளக்கிச் சொல்ற குணம். ஒத்துப் போகும்.

அதோ, டீயும் வந்துருச்சு. குடிங்க.

பன்னெண்டு வரைக்கும் காத்திருக்க வேண்டாங்க. இப்பவே பதிஞ்சுடறேன். நானே என் கையால, ஓடற மணியிலயே. இந்த மேசையில தெரிஞ்சே இப்படிப் பதியறது எனக்கு முதல் தடவை. அந்தப் பொண்ணு பதிவுக்குப் பக்கத்துல இருக்கணும்னா உங்க வீட்டுப் பதிவும் அப்படித்தானே இருக்கணும்.

சார், ஒரே ஒரு உதவி. உங்க தலைக்கு மேல அந்தத் தினசரிக் காலண்டர் தொங்குது பாருங்க, அதைக் கொஞ்சம் சுவத்துப் பக்கமா திருப்பி விட்டுடறீங்களா?

ஆங், போதும். இப்பச் சொல்லுங்க. பையன் பேரு?